கதிரை போட்ட இடம்

கதிரையைத் தலைகீழாகத் திருப்பி, அதன் அடிவயிற்றில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. பிறகு காதைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். சத்தம் திடமாக வந்தால் கதிரை லொறிக்குப் போகும். கிழிந்த தகரம் போல இழுத்தால் ஏதோ ஒரு காலில் வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். அது சுவரோரம் போகும். "ஏறி உக்காந்தவன் சபையில விழுந்தா, பாக்கிறவனுக்குச் சிரிப்பு. வசவு மட்டும் எனக்கு" என்பார் ராக்கம்மா, அடுத்த கதிரையைத் திருப்பியபடி.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பூவரசந் தோட்டம் என்கிற லேனின் நடுவில் அவருடைய வீடு. பெயரில்தான் தோட்டம். முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகளும், எந்நேரமும் ஈரமாக இருக்கும் ஒரு பொதுப் பைப்பும், கண்ணாடிகளை மடக்கினால் மட்டும் ஒரு சின்ன லொறி நுழையக்கூடிய பாதையுமாக அது துறைமுகப் பக்கம் சரிந்து இறங்குகிறது. ராக்கம்மாவின் முன்னறையில் கூரை முட்டக் கதிரைகள். அடுக்கடுக்காக நீலமும் வெள்ளையுமாக நிற்கும் அவற்றுக்கு நடுவில் ஒருவர் பக்கவாட்டில் நடந்து போக ஒரு வழி. விருந்தாளி வந்தால் நின்றுதான் கதைக்க வேண்டும். இத்தனை கதிரை இருக்கிற வீட்டில் உட்காருவதற்கு ஒன்று கிடையாது. ராக்கம்மா கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளியில் இருப்பார். "வாடகைக்குப் போற சாமான்ல நான் குந்தினேன்னா அப்புறம் அது எனக்கு ருசிச்சுப் போயிரும்" என்பது அவர் சொல்லும் காரணம்.

கழுவும்போது கறையைப் பார்த்தே கதிரை கடைசியாக எங்கே போய் வந்தது என்று சொல்லிவிடுவார். கைப்பிடியில் மெழுகு சொட்டியிருந்தால் தேவாலயத் திருநாள். முதுகில் விபூதி என்றால் செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி. இருக்கையின் ஓரத்தில் நெய்ப் பிசுக்கு இருந்தால் முஸ்லிம் வீட்டுக் கலியாணம்; அந்தப் பிசுக்குச் சவர்க்காரத்துக்கு அடங்காது, சாம்பல் வேண்டும். அரசியல் கூட்டத்துக்குப் போன கதிரையில் மட்டும் கறையே இருக்காது என்பார். "அங்க ஒரு வடைகூடக் குடுக்க மாட்டானுங்க."

ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் மூன்று நீலப் புள்ளிகள். அது ராக்கம்மாவின் கதிரை என்பதற்கு அதுதான் அடையாளம். விசேஷம் முடிந்ததும் வரிசை வரிசையாகப் போய் அந்தப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். அதற்குப் பெயர் 'பிரட்டு'. அவருடைய தாய் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் அந்தத் தோட்டத்துச் சொல்லை மகள் கொழும்புக்குக் கொண்டு வந்து கதிரைகளுக்கு வைத்திருக்கிறார். பிரட்டில் ஒரு கதிரை குறைந்தாலும் லொறி நகராது. ஜம்பட்டா வீதியில் ஒரு மரண வீடு. எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு இறந்தவரின் தமையனார் ஒரு கதிரையிலேயே நித்திரையாகிப் போனார். ராக்கம்மா அவரை எழுப்பவில்லை; கதிரையை விட்டுவிட்டு வரவுமில்லை. வாசலில் குந்தியிருந்தார். மனிதர் கண் விழித்ததும் தன் பிளாஸ்கிலிருந்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்து, அவர் குடித்து முடித்ததும், "ஐயா, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா" என்று கேட்டுக் கதிரையை எடுத்துக்கொண்டு வந்தார்.

இந்தத் தொழிலில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பேச்சாளர் பேசிவிட்டுப் போவார். கேட்க வந்தவர் பாதியில் எழும்பிப் போவார். கதிரைக்காரி மட்டும் கடைசி வரை இருந்தே ஆக வேண்டும். ஆகவே அந்த வட்டாரத்தில் நடந்த எல்லாக் கூட்டங்களையும் ஆரம்பத்திலிருந்து நன்றியுரை வரைக்கும் கேட்ட ஒரே ஆள் ராக்கம்மாதான்.

சனத்தைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது லொறிக்காரர் றிகாஸ் செய்த ஒரு பிழையில் பிறந்தது. வாழைத்தோட்டம் பகுதியில், பெரியபிள்ளையான ஒரு பெண்ணுக்குச் சாமத்தியச் சடங்கு. றிகாஸ் கதிரைகளைச் சடங்கு வீட்டுக்கு இரண்டு வாசல் முன்னாலேயே இறக்கி விரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். வந்த சனம் பரிசுப் பொதிகளை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது. கதிரை இறங்கிய வாசலின் வீட்டுக்காரர் சாரத்தோடு பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தார். இத்தனை பேரைக் கண்டதும் உள்ளே ஓடிச் சேட்டு மாட்டிக்கொண்டு, மனைவியிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். எல்லாரும் குடித்து முடித்த பிறகுதான் ஒரு கிழவி "பொம்பளப் புள்ள எங்க?" என்று கேட்டது. அந்த மனிதருக்கு இருந்தது இரண்டு ஆண் பிள்ளைகள்.

"சனம் வீட்டு நம்பரப் பாக்காது" என்பார் ராக்கம்மா. "கதிரயத்தான் பாக்கும்."

லேனின் கடைசியில், மதிலுக்கு முன்னால், மாநகர சபையின் மருந்தகம் இருக்கிறது. மாடி வைத்த பழைய கட்டடம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்காரர்களுக்கும் அதுதான் கைக்கெட்டிய இடம். சில வருடங்களுக்கு முன் ஒரு பெருமழைக்குக் கீழ்த்தளத்துச் சாக்கடைக் கான் நிரம்பி, அழுக்குத் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் வந்தது. கீழ்த்தளத்தைப் பூட்டி, மருந்து கட்டும் மேசையை மாடிக்கு ஏற்றினார்கள். மாடிக்குப் போக முற்றத்துப் பக்கம் வெளிச்சுவரோடு ஒரு மரப்படி. செங்குத்து, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. காலில் புண் உள்ளவர்கள் அந்தக் காலோடு அதில் ஏறித்தான் அந்தக் காலுக்கு மருந்து கட்ட வேண்டும்.

மருந்தகத்துத் தாதி நிலூஷா மிஸ் ஆரம்பத்தில் மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து முற்றத்தில் வைத்துக் கட்டிப் பார்த்தார். ஈயும் தூசும். மூன்று பேருடைய புண் சீழ் பிடித்ததும் நிறுத்திவிட்டார். "வெளியில வச்சுத் திறந்தா மருந்து போடுறது நான் இல்ல அக்கே, வருத்தத்தக் குடுக்கிறதே நான்" என்று ராக்கம்மாவிடம் சொன்னார். ஏற முடியாதவர்களை ஒரு மரக்கதிரையில் வைத்து இரண்டு பேர் தூக்கிப் போவது பழக்கமாயிற்று.

ராக்கம்மாவின் கணவர் தங்கையாவுக்கு அந்தப் பழக்கம் ஒத்துவரவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். சீனி அவருடைய வலது காலில் இறங்கி, பெருவிரலைக் கொண்டுபோய், பாதத்தில் ஒரு குழியை வைத்திருந்தது. முதல் முறை அவரைக் கதிரையில் தூக்கியபோது நடுப்படியில் தூக்கியவர்களில் ஒருவனின் செருப்பு வழுக்கியது. விழவில்லை. ஆனால் தங்கையா கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, கீழே நின்றவர்கள் தன்னை அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சொன்னார்: "எத்தனை கப்பலுக்கு மூட்டை ஏத்துனவன் நான். என்னய மூட்டையாக்கிப்புட்டீங்களேடா."

அதோடு மருந்து கட்டப் போவதை விட்டுவிட்டார். ராக்கம்மா வீட்டிலேயே கழுவிக் கட்டினார். புண் கறுத்தது. பெரியாஸ்பத்திரியில் டொக்டர் பாதத்தைப் பார்த்துவிட்டு, ஒழுங்காகக் கட்டுவித்தால் கால் தப்பும், இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்றார். பெரியாஸ்பத்திரிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் த்ரீவீலில் போய்வரக் காசு கட்டாது. மருந்தகமோ வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இடையில் இருந்தது அந்தப் படி மட்டும்தான்.

அந்த வருடம் வட்டாரத்துக்குச் சபையின் அபிவிருத்தி ஒதுக்கீடு வந்தது. மெம்பர் ஜெயகுமார் இளம் ஆள், கெட்டவரில்லை. சனம் எதைக் கேட்கிறதோ அதைச் செய்வேன் என்று சொல்லுவார். கேட்பதற்கு எப்போதும் முதலில் வந்து நிற்பவர் நாகேந்திரம் என்பதால் நாகேந்திரம் கேட்பதைச் செய்வார். நாகேந்திரம் லேனின் அபிவிருத்திச் சங்கத் தலைவர். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, கையில் நீளக் குடை. அவருக்கு லேனின் முகப்பில் ஒரு வரவேற்பு வளைவு வேண்டும். மூன்று மொழியில் பெயர், இரண்டு பக்கமும் தூண், உச்சியில் கலசம். அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. "மகள் கனடாவில இருந்து வந்து எயாபோட்டில த்ரீவீல்காரனுக்கு லேனின்ர பேரைச் சொல்ல, அவன் 'அது எங்க, அந்தக் கான் பக்கமோ' எண்டு கேட்டவன். கான் பக்கம். எங்களுக்கு ஒரு பேர் இல்லையோ?"

முதற்கூட்டத்தில் வளைவு என்று தீர்மானமாயிற்று. வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். இன்னொரு முறை மக்கள் கூட்டம் வைத்து, சபை உத்தியோகத்தர் முன்னால் கை தூக்கி உறுதிப்படுத்தினால் வேலை தொடங்கலாம்.

ராக்கம்மா நாகேந்திரத்தின் வீட்டுக்குப் போனார். மருந்தகத்தின் கீழ்த்தளத்தைத் திருத்த அந்தப் பணத்தைத் தரலாமா என்று கேட்டார். நாகேந்திரம் அவரை உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, பொறுமையாகவே பதில் சொன்னார்.

"மருந்தகம் சுகாதாரப் பகுதியின்ர பொறுப்பு, ராக்கம்மா. அவை எப்பவோ செய்வினம். இது எங்கட லேனுக்கு வந்த காசு."

"அந்தப் படியில ஏறிப் பாத்திருக்கீங்களாய்யா?"

"எனக்கென்ன வருத்தம்? நான் ஏன் ஏறப்போறன்?"

மெம்பரிடம் போனார். "கூட்டத்தில பேசுங்க அக்கா. சனம் சரின்னா எனக்கும் சரி" என்றார் ஜெயகுமார். ராக்கம்மா சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார். கூட்டங்களைப் பற்றி அவருக்குத் தெரியும். வளைவின் பெரிய படம் முகப்பில் கட்டியிருக்கும். கதிரைகள் அந்தப் படத்தைப் பார்த்துப் போட்டிருக்கும். பின் வரிசைக்குப் பின்னால் நின்று ஒரு கதிரைக்காரி மருந்தகம் என்றால், அது யாருடைய கண்ணுக்கும் தெரியாத மருந்தகம்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை, லேனின் முகப்பில். கதிரை ஒப்பந்தம் வழக்கம்போல ராக்கம்மாவுக்கு. சனிக்கிழமை காலை மருந்து கட்டும் நேரமும்கூட.

றிகாஸ் லொறியை முகப்பில் நிறுத்தினார். மின்கம்பத்துக்கும் அரச மரத்துக்கும் நடுவில் வளைவின் படம் காற்றில் உப்பிக்கொண்டிருந்தது.

"கண்ணாடிய மடக்கு" என்றார் ராக்கம்மா. "உள்ளுக்கு விடு."

"லேன் சந்தியிலதானே எறக்கச் செல்லி ஈக்கி?"

"உள்ளுக்கு விடு றிகாஸ். மருந்துக் கட்டடத்து முத்தத்துல எறக்கு."

றிகாஸ் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "ராக்கம்மாக்கா, இது சங்கத்துப் பெரியவர்ட ஓடர். நாளைக்கி அவர் ஒரு சொல்லு சென்னா கோயில், சங்கம் ஒண்டும் ஒங்களுக்கு வராது. எனக்கும் வராது."

"வாழைத்தோட்டத்துல நீ எறக்குன மாதிரிதான். அன்னைக்கி உனக்கு ஒண்ணும் ஆகலியே."

"அண்டைக்கி எனக்கு வெளங்காமச் செஞ்சன்."

"இன்னைக்கும் வெளங்காதவன் மாதிரியே இரு."

கதிரைகள் மருந்தக முற்றத்தில் விரிந்தன. வழக்கமாகப் பாதையைப் பார்த்துப் போடுவார். அன்றைக்கு எல்லாவற்றையும் மரப்படியைப் பார்த்துப் போட்டார், தியேட்டரில் திரையைப் பார்ப்பது போல. தலைமைக்கான மேசையும் மூன்று கதிரைகளும் படியின் காலடியில்.

சனம் முகப்புக்கு வந்தது. கதிரை இல்லை. படம் மட்டும் இருந்தது. யாரும் நிற்கவில்லை, லேனுக்குள் நடந்து, கதிரைகளைக் கண்டதும் இருந்துவிட்டார்கள். முகப்பில் படத்துக்குக் கீழே நாகேந்திரமும் மெம்பரும் சபை உத்தியோகத்தரும் நின்று, தங்களைக் கடந்து போகும் சனத்துக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வணக்கம் வாங்கியவர்கள் ஒருவரும் திரும்பி வராததைக் கண்டு, கடைசியில் அவர்களும் உள்ளே வந்தார்கள்.

நாகேந்திரத்தின் குடை முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

"ராக்கம்மா, இதென்ன வேலை பாத்திருக்கிறீர்? நான் சொன்ன இடம் எது?"

"மழை வரும் போல இருந்துச்சுங்கய்யா. அங்க ஒதுங்க இடமில்ல."

நாகேந்திரம் வானத்தைப் பார்த்தார். அது ஒரு மேகமும் இல்லாமல், கழுவிக் காயப்போட்ட துணி போலக் கிடந்தது. "எல்லாத்தையும் திருப்பி அங்க கொண்டுபோய்ப் போடும்."

"போடுறேங்கய்யா. நீங்க இவங்கள எந்திரிக்கச் சொல்லுங்க."

அவர் சனத்தைப் பார்த்தார். மடியில் பிள்ளையோடு இருந்தவர்கள், ஊன்றுகோலைச் சாய்த்து வைத்தவர்கள், ஏற்கனவே வெற்றிலை போட்டுவிட்டவர்கள். ஒருமுறை இருந்துவிட்ட சனத்தை எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு தலைவருக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு மேசைக்குப் போய், மெம்பருக்கும் உத்தியோகத்தருக்கும் நடுவில் இருந்தார். "உம்மோட பிறகு கதைக்கிறன்" என்றார்.

மெம்பர் பேசத் தொடங்கினார். வளைவு, லேனின் கௌரவம், எதிர்காலம். அவருடைய தோளுக்குப் பின்னால் மயிலம்மா என்கிற வயதான பெண்மணியை மரக்கதிரையில் வைத்து இரண்டு பேர் படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே போனவன் பின்பக்கமாக ஏறினான்; கீழே வந்தவனின் கழுத்து நரம்பு புடைத்தது. மயிலம்மா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சனம் மெம்பரைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் ஒவ்வொரு படியாக மேலே போய்க்கொண்டிருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு மருந்தகம் தெரியும்; ஆனால் வேலை இல்லாமல் உட்கார்ந்து அந்தப் படியைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

ராக்கம்மா போட்ட கணக்கு இவ்வளவுதான்: கட்டுப் போட வருகிறவர்களைச் சனம் பார்க்கட்டும். அடுத்து நடந்தது அவருடைய கணக்கில் இல்லை.

தங்கையா வந்தார். ஒரு கையில் தடி, மறு கை மதிலில். மனைவி கதிரைகளை மருந்தகத்து முற்றத்தில் போட்டிருக்கிறாள், பெரியவர் கத்துகிறார் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். யாரையும் பார்க்காமல் கூட்டத்துக்கு நடுவால் வந்து, மேசையைச் சுற்றிப் படிக்குப் போனார். மரக்கதிரைக்காரர்கள் கிட்ட வந்தார்கள். தடியை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். பிறகு முதற்படியில் உட்கார்ந்தார், சனத்தைப் பார்த்தபடி. இரண்டு உள்ளங்கைகளையும் பின்படியில் ஊன்றி, நல்ல காலை உதைத்து, இடுப்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தார். கட்டுப் போட்ட கால் முன்னால் நீட்டியபடி வந்தது. மூட்டை தூக்கிய தோள்கள் இன்னும் இருந்தன. மூச்சு மட்டும் பழைய மூச்சில்லை.

மெம்பர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

தங்கையா ஒரு படியில் தங்கி மூச்சு வாங்கினார். "நீங்க பேசுங்க மெம்பர் தம்பி" என்றார். "அவசரமில்ல. நான் போய்ச் சேர நேரமாகும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மேலே நிலூஷா மிஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். முற்றத்தில் கேட்டதெல்லாம் பலகையில் உடல் வைபடும் சத்தம்தான். ராக்கம்மா பின் வரிசைக்குப் பின்னால் ஒரு வெற்றுக் கதிரையைப் பிடித்தபடி நின்றார். அவர் ஓடிப்போகவில்லை. ஓடிப்போயிருந்தால் தங்கையா அவரை மன்னித்திருக்க மாட்டார்.

நாகேந்திரம் தன் கதிரையை முழுதாகத் திருப்பிப் படியைப் பார்த்து இருந்தார். மனிதர் உச்சிக்குப் போய், கதவு மூடும் வரை அப்படியே இருந்தார். பிறகு திரும்பினார்.

"ராக்கம்மா, இந்த மனிசன் ஒவ்வொரு முறையும் இப்பிடியோ ஏறுறவர்?"

பொய் சொல்லியிருக்கலாம். மழையைப் பற்றிச் சொன்ன பொய் இன்னும் சூடாக இருந்தது. "இல்லீங்கய்யா" என்றார் ராக்கம்மா. "அவரு ஏறவே மாட்டேன்னுட்டாரு. காலப் போகவிட்டுட்டு வீட்டுல இருந்தாரு. இன்னைக்குத்தான் ஏறுனாரு."

நாகேந்திரம் குடையை மேசையில் வைத்தார். எழுந்து நின்று சேட்டை இழுத்துச் சரி செய்தார்.

"தலைவர் எண்ட முறையில நான் ஒரு திருத்தம் கொண்டு வாறன். வளைவுக்கெண்டு வைச்ச காசை இந்தக் கட்டடத்தின்ர கீழ்த்தளத்துக்குக் குடுக்க வேணும். தரை, கான், சாய்தளம். வளைவை நாங்கள் பிறகு பாப்பம்."

உத்தியோகத்தர் அசௌகரியமாக நெளிந்தார். "மேக்க ஹரியன்னே நே" என்று மெம்பரின் காதில் சிங்களத்தில் சொன்னார்; இது சரிவராது என்று. அறிவித்தலில் கூட்டம் லேன் முகப்பில் என்றிருக்கிறது. வேறிடத்தில் எடுத்த தீர்மானத்தை எப்படிப் பதிவது? மெம்பர் நாகேந்திரத்தைப் பார்த்தார். மழைப் பொய் இப்போது திரும்பி வந்து தங்கையாவின் காலைக் கடிக்கப் போகிறது என்று ராக்கம்மாவுக்குத் தோன்றியது.

நாகேந்திரம் வாழ்நாள் முழுக்கக் கச்சேரியில் இப்படியான கேள்விகளைக் கேட்டுச் சனத்தைத் திருப்பி அனுப்பியவர். உத்தியோகத்தரின் பக்கம் திரும்பி, திருத்தமான சிங்களத்தில் ஒன்று சொல்லி, பிறகு எல்லாருக்கும் கேட்கத் தமிழிலும் சொன்னார்.

"இடத்தை மாத்தினது நான். தலைவருக்கு அந்த உரிமை இருக்கு. மழை வரும் போல இருந்தது."

அங்கே சிரிப்பு வெடித்தது. உத்தியோகத்தரும் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்தார்.

"சம்மதமானவை கையைத் தூக்குங்கோ."

கைகள் எழும்பின. பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளையின் கையைத் தூக்கினார்கள். அதை எண்ண முடியாது என்று உத்தியோகத்தர் சொல்ல வேண்டியிருந்தது. மயிலம்மாவைத் தூக்கிப் போய்விட்டு வந்த இருவரும் வியர்வையோடு தூக்கினார்கள். றிகாஸ் வேறு வட்டாரத்துக்காரர். அவரும் தூக்கினார், பிறகு கீழே போட்டார். ராக்கம்மாவின் வலது கையில் கதிரை இருந்தது. அவர் அதை வைக்க மறந்து, கதிரையோடு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

கீழ்த்தளத்துத் தரையைத் தோண்டினார்கள், கானுக்குப் புதுக் குழாய் போட்டார்கள், வெள்ளைத் தரை ஓடு பதித்தார்கள். நாகேந்திரம் ஒரு நாள் விடாமல் வந்து, குடை நுனியால் ஓடுகளைத் தட்டித் தட்டிக் கேட்டார். எந்த ஓட்டுக்கு அடியில் சாந்து நிரம்பவில்லை என்று கண்டுபிடிக்கும் அந்த வித்தையை அவர் யாரிடமிருந்து எடுத்தார் என்பது லேனுக்குத் தெரியும். சாய்தளத்துக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. தங்கையா அந்த மாதங்களில் எல்லாம் படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறினார். மெம்பர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் "பேசுங்க தம்பி" என்று ஒரு குரல் மேலேயிருந்து வரும். புண் சிவந்து, சுருங்கி, மூடத் தொடங்கியது. பெரியாஸ்பத்திரி டொக்டர் கத்தியைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

வளைவு வரவில்லை. மருந்தகத்தின் முன்சுவரில் 'பூவரசந் தோட்டம்' என்று மூன்று மொழியில் பெரிதாக எழுதியிருக்கிறது. அது நாகேந்திரத்தின் வேலை. வர்ணம் அவருடைய செலவு. இப்போது த்ரீவீல்காரர்கள் கான் பக்கம் என்பதில்லை. மருந்துக் கட்டடத்து லேன் என்கிறார்கள். அவர் அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். ராக்கம்மாவிடம் கதிரை எடுப்பதையும் அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் ஓடர் கொடுக்கும்போது, "எங்க போடச் சொன்னனானோ அங்க போடும்" என்று குடையை நீட்டுவார். "மழை வரலேன்னா அங்கதாங்கய்யா" என்பார் ராக்கம்மா.

திறப்பு விழா போன மாதம் நடந்தது. கதிரைகள் முற்றத்தில், இந்த முறை சொன்ன இடத்திலேயே. மெம்பர் நாடா வெட்டினார். நாகேந்திரம் நீளமாகப் பேசினார். தங்கையா தடியை ஊன்றிச் சாய்தளத்தில் நடந்து ஏறி, முதல் ஆளாக மருந்து கட்டும் மேசைக்கு முன்னால் போய் நின்றார். நன்றியுரை முடிவதற்குள்ளேயே ராக்கம்மா பின் வரிசையைக் கழற்றி அடுக்கத் தொடங்கிவிட்டார். அது அவருடைய பழக்கம். சனம் கலைந்தது. பிரட்டு எடுத்தார், புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு. எல்லாம் சரியாக இருந்தது. றிகாஸ் லொறிக்கு ஏற்றினார்.

கடைசிக் கதிரை ராக்கம்மாவின் கையில் இருந்தது. அதை லொறிக்குக் கொடுக்காமல் உள்ளே கொண்டுபோனார். மேசையோரத்தில் நிலூஷா மிஸ் பழைய கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தங்கையா நின்றபடி காலை ஒரு பெட்டியின் மேல் வைத்திருந்தார். ராக்கம்மா கதிரையைத் தலைகீழாகத் திருப்பி, அடிவயிற்றில் ஓர் அடி அடித்தார். காதைச் சாய்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த வீட்டுப் பூட்டின் திறப்பை எடுத்து, கதிரையின் முதுகிலிருந்த மூன்று நீலப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சுரண்டினார். தூளை ஊதிவிட்டு, கதிரையை நிமிர்த்தி, தங்கையாவின் பின்னால் வைத்தார்.